திரையில் ஒரு காலி நாற்காலி

அண்ணனுக்கு வாய் ஓயாது. வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். கதவைத் திறப்பதற்குள் அந்த வீட்டின் பாதிக் கதையைக் கேட்டு, மீதியைத் தானே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வாய் கோணி, வலக்கை தொங்க, தங்கை நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினார்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. மூளையில் ரத்தம் அடைத்திருந்தது. உடனே ஊசி போட்டால் பேச்சைக் காப்பாற்றிவிடலாம். மருந்து அலமாரியில் இருந்தது. போடச் சொல்ல டாக்டர்தான் இல்லை.

ஊரிலிருந்த எல்லா ஆஸ்பத்திரிகளையும் ஒரே கம்பெனி வளைத்துப் போட்ட பிறகு, நரம்பு டாக்டர்கள் மொத்தமாகத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அது ஊருக்கு அந்தக் கோடி. அங்கே போகிறவர்களுக்குக் கட்டிலருகே டாக்டர். இங்கே வருகிறவர்களுக்குச் சக்கரம் வைத்த டிவியில் டாக்டர். பெயர்ப்பலகையை மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மாட்டியிருந்தார்கள், புண்ணியவான்கள்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு காலி நாற்காலி தெரிந்தது.

"யாரும்மா டாக்டரு? ரொம்ப ஒல்லியா இருக்காரே!" என்றார் அண்ணன், குழறிக்கொண்டே.

"கொஞ்சம் பேசாம இருண்ணே."

அப்படிச் சொன்னதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு அழாத நாளில்லை.

ஒரு மணி நேரமாகியும் நாற்காலி காலியாகவே இருந்தது.  அவள் தரை துடைக்கும் கட்டையை எடுத்து மேல்கூரையில் டொக் டொக்கென்று தட்டினாள். முன்பு பெரிய டாக்டர் மாடியில்தான் குடியிருந்தார். அவசரமென்றால் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாப்பிட்ட கையோடு ஓடி வருவார். இப்போது மாடியில் பில் போடுகிறார்கள். அங்கிருந்து ஒரு கிளார்க் படியில் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, எலியா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஒருவழியாகத் திரையில் ஒரு டாக்டர் பெண் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயசு, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மன்னிச்சுக்கங்க சிஸ்டர். இங்க வந்தவங்கள முதல்ல பாக்கணும்னு உத்தரவு. எல்லாக் கிளைக்கும் டிவியில பாக்க நான் ஒருத்திதான்."

அண்ணனைப் பேசச் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"லேட்டாயிடுச்சு சிஸ்டர். இனிமே ஊசி போட்டா ரத்தம் கசிஞ்சிடும்," என்று சொல்லி அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? திட்ட வேண்டியவன் எந்தத் திரையிலும் வந்து உட்காருவதில்லை. தங்கை அண்ணனின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

உயிர் பிழைத்தார். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். நோயாளியே சொன்னாத்தான் கணக்குல சேரும்."

தங்கை போனை அண்ணன் காதில் வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. பேச ஆள் கிடைத்துவிட்டதே! கழுத்து நரம்பு புடைக்க என்னென்னவோ சொன்னார். ஒன்றும் சொல்லாகவில்லை.

"சார், சரியா கேக்கல. கொஞ்சம் சத்தமா பேசுறீங்களா?"

அவர் சத்தமாகப் பேசினார்.

"சரி சார், பதில் இல்லைன்னு போட்டுக்கறேன்," என்று சொல்லி அந்தக் குரல் போனை வைத்துவிட்டது.

அது தெரியாமல் அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். போனை அவர் காதிலிருந்து எடுக்கத் தங்கைக்குக் கை வரவில்லை.