மரியாளின் கன்னத்து மச்சம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. சொத்தைப் பல்லோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரளவுப் பலகையில் ஒரு பழைய தேவாலய ஓவியத்தின் நகல். அச்சடித்ததல்ல, மறுமலர்ச்சிக் காலத்தில் செய்தது போலவே ஈரச் சாந்தின் மேல் கையால் தீட்டியது. வானதூதர் மண்டியிட்டுச் செய்தி சொல்கிறார், மரியாள் கேட்கிறாள். அவள் கன்னத்தில் ஒரு பழுப்பு மச்சம்.

எத்தனையோ படங்களில் அவளைப் பார்த்திருக்கிறேன், மச்சத்தோடு பார்த்ததில்லை. மருத்துவர் உள்ளே கூப்பிட்டதும், யார் வைத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள். மிச்சத்தை நானேதான் இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி படர்ந்த ஒரு காலையில், நீல மலைகளுக்கு அப்பால்..."

(வேண்டாம். அந்த மலைகளைத் தாண்ட என் முழங்கால் ஒத்துழைக்காது.)

ஓவியங்களை நகலெடுக்கும் ஒரு பட்டறையில் அக்காளும் தங்கையும் வேலை பார்த்தார்கள். மரியாளின் முகம் பெரியவளுக்கு, வானதூதரின் முகம் சின்னவளுக்கு. அன்றன்று தீட்ட முடிந்த அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். ஈரத்தில் வைத்த நிறம் சாந்தோடு சாந்தாகிவிடும். காய்ந்தபின் பிழை தெரிந்தால் கொத்தி எடுக்க வேண்டியதுதான்.

(நானும் அப்படித்தான் எழுதுகிறேன். கதையின் ஓர் எண், ஒரு நாள் சாந்து. ஒட்டுப் போட்ட கோடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.)

ஒருநாள் தேநீர் வேளையில் சின்னவள் மாதிரிப் படத்தைக் காட்டி, "சேதி சொல்ல வந்தவரு சேதிய மறந்துட்டு முழிக்கிறாரு பாருக்கா" என்றாள். பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாதிரிப் படத்து மரியாளின் கன்னத்தில் ஒரு சொட்டுத் தேநீர்.

"இதென்ன கறை?" என்றார் முதலாளி.

"மச்சம் முதலாளி. மூலத்துலயே இருக்கு." பெரியவள் கண் இமைக்கவில்லை.

"உத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஒத்து ஊதினாள் சின்னவள்.

அன்றிலிருந்து அந்தப் பட்டறை மரியாள்கள் எல்லோரும் மச்சக்காரிகள்.

3

அப்புறம் யாரோ ஒருவர் வானதூதரின் முகத்தைப் புகழப்போக, முதலாளி மரியாளையும் சின்னவளிடமே கொடுத்துவிட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டு பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போனாள். அதற்குப்பின் பேச்சில்லை. எதிர்ப்பட்டால் இருவருக்கும் உடனே கைப்பைக்குள் ஏதாவது தேட வேண்டியிருக்கும்.

(சின்னவள் மேல் எனக்கே சந்தேகம். ஆசைப்பட்டாளா, வாயடைத்துப் போனாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் கை மரியாளை நோக்கி நீள்கிறது.)

4

இன்று காலை முதலாளி புதிய, துல்லியமான மாதிரிப் படத்தோடு வந்தார்.

"மச்சமே இல்லையேம்மா! இத்தன நாளா என்னத்த வரைஞ்சீங்க? இந்தப் பலகைல மச்சம் இருந்துச்சுன்னா, கொத்தி எடுத்துட்டு வேற ஆள வச்சுக்குவேன்."

சின்னவள் அடிப்பூச்சான பச்சை மண்நிறத்தின் மேல் இளஞ்சிவப்பை ஏற்றினாள். கன்னம் எழுந்து வந்தது. ஆனால் அது மரியாளாகத் தெரியவில்லை. நிறைந்த அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்து சட்டென நிறுத்தியது போல இருந்தது. அவள் கை தானாகவே பழுப்பைத் தொட்டு, அந்தரத்தில் நின்றது.

சாந்து பூசுகிறவர் தொண்டையைச் செருமினார். "பக்கத்துத் தெருவுலயும் நான்தான் பூசுறேன், இதே படந்தான். உங்கக்காதான் மூஞ்சி போடுது. அங்க மாதிரிப் படம் எப்பவுமே பளிங்கு மாதிரி சுத்தம்."

"மச்சம் வச்சிருக்காளா அண்ணே?"

"நான் சாந்தப் பாக்குற ஆளு. மூஞ்சிய நீதான் பாக்கணும். போயிட்டு வா. முன்னால ஈரத்துணி கட்டி வைக்கிறேன், மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல அந்த மரியாளே கேட்டாலும் தாங்காது."

சுத்தமான படத்தைப் பார்த்தும் அக்கா மச்சம் வைத்திருந்தால், அது பிழையல்ல. அவள் தங்கையை விட்டுவிடவில்லை என்று அர்த்தம்.

5

தெரு மிதந்தது. சுண்ணாம்பு படிந்த கையில் பழுப்புத் தூரிகையைப் பிடித்தபடி, வெளிச்சத்துக்குள்ளேயே நடப்பவள் போலப் போனாள். அந்தப் பட்டறையிலும் பலகைக்கு முன்னால் ஈரத்துணி தொங்கியது. அக்கா முதுகு காட்டி நிறம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"நான்தான்."

அரைக்கும் சத்தம் நின்றது. திரும்பவில்லை.

"கையில என்ன?"

"பிரஷ்ஷு."

"அதக் காய விடாத." அரைத்த நிறத்தை வழித்தாள். "பாக்கத்தான வந்த? துணிய நீயே விலக்கிப் பாரு."

6

முதல் முடிவு: மச்சம் இருக்கிறது. இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (தித்திப்புத் தூக்கல். என் பல்லுக்கு ஆகாது.)

இரண்டாவது: வெறும் கன்னம். "நல்லா வந்திருக்குக்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் படியிறங்கி...

(முடிக்க மனம் வரவில்லை.)

மூன்றாவது அரைத்தூக்கத்தில் வந்தது. மரியாளின் கன்னம் வெறுமை. மச்சம் வானதூதரின் கன்னத்தில் இருக்கிறது, சின்னவள் தீட்டிவந்த அதே வானதூதர். (கண் கலங்கிவிட்டது. என்னையே அழவைக்கும் முடிவை நான் நம்புவதில்லை.)

காத்திருப்பு அறைப் பலகையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அது எந்தப் பட்டறையுடையது என்று தெரியாது. வானதூதரின் முகத்தையோ ஒரு பூந்தொட்டி மறைத்திருந்தது.

சின்னவளின் ஒரு கை துணியின் நுனியில், மறு கையில் தூரிகை. அவள் விட்டு வந்த கன்னம் இன்னும் ஈரமாக இருக்கிறது. நான் இங்கேயே நின்றுகொள்கிறேன், கண்ணுகளா. மத்தியானம் ஆவதற்குள் துணியை நீங்கள் விலக்குங்கள்.