தவிட்டுக்குப் போன பிள்ளை

ஆவுடையாள் பெற்ற பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றவள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. கீரமங்கலத்துக்குத் தெற்கே அந்த ஊரில் ஆடு மாடு உட்பட எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டும் தொட்டிலில் தங்காமல் போன வீட்டில் மூன்றாவது பிறந்தால், அதை முறத்தில் கிடத்தி வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வார்கள். தேடிவருகிற எமன், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று ஏமாந்து திரும்பிவிடுவான். பிள்ளை என்னவோ பெற்றவளிடமே பால் குடித்து வளரும். ஆளான பிறகு, கல்யாணத்துக்கு முன்னால், ஒரு மரக்கால் நெல்லும் ஒரு சேலையும் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஆவுடையாள் இன்னும் கொஞ்சம் யோசித்தவள். அடுத்த வீட்டு இன்னாசியம்மாளிடம் கொண்டுபோய் விற்றாள். இன்னாசியம்மாள் வேதக்காரி, புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. மாதாகோயில் பிள்ளைகள் மேல் எமனுக்கு அதிகாரம் செல்லாது, அதற்கு வேறு ஆபீஸ் இருக்கும் என்பது ஆவுடையாளின் எண்ணம். எண்ணம் பலித்தது. அடைக்கலம் என்று இன்னாசியம்மாளே பேர் வைத்தாள். பையன் அழுகிற அழுகைக்கு, மேலக்காட்டில் உழுதுகொண்டிருந்தவர்கள் உச்சிக்காலப் பூசை மணி அடித்துவிட்டது என்று ஏரை அவிழ்த்துக்கொண்டு வீடு வந்தார்கள். அது காலை எட்டு மணி.

வாங்கின தவிட்டை ஆவுடையாள் பசுவுக்குக் கரைத்து வைத்தாள். அந்தப் பசு, தன்னையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டது. சாகும்வரைக்கும் பொழுது சாய்ந்தால் இன்னாசியம்மாள் வாசலில்தான் போய்ப் படுத்தது. பாலை மட்டும் ஆவுடையாள் கறந்துகொண்டாள்.

பிள்ளை விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினால் அவன் ஆவுடையாளின் மகன். அடுத்தவன் தோப்பில் பலாப்பழத்தோடு பிடிபட்டால், வேலிக்கு மேலே எட்டி, "யக்கோவ், ஒம் புள்ள செஞ்சிருக்கிற வேலையப் பாரு!" என்பாள்.

"பழுத்தா ஒனக்கு, அழுகுனா எனக்கா? வாரத்துக்கு விட்ட வயலாடி இது?" என்று இன்னாசியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்பாள். கேட்டுவிட்டு, தோப்புக்காரனிடம் மன்னிப்புக் கேட்கவும் அவள்தான் போவாள்.

மீட்பதை ஆவுடையாள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். முதலில் எமன் பயம். காது குத்தும்போது மீட்கலாம் என்றிருந்தாள். காது குத்துக்கு முதல் நாள் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. அப்புறம் சமஸ்தானம் போய், ராசா கொடுத்துவிட்டுப் போன ஊரைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய காரியமே கைமாறும்போது நம் வீட்டுக் காரியம் மெல்ல நடக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

இப்போது அடைக்கலம் அறந்தாங்கி பஸ்ஸில் கண்டக்டர். வருகிற வைகாசியில் கல்யாணம். ஆவுடையாளின் புருசன் ரெங்கசாமி, குலதெய்வக் கோயில் பூசாரியைப் பார்த்துவிட்டு வந்து துண்டை உதறினார்.

"ஏ புள்ள, மீக்காத பயலுக்கு மாலை எடுத்துக் குடுக்க மாட்டேங்கிறான் பூசாரி. மாப்பிள்ளைக்கு ஆத்தான்னு நீ மணைக்கிட்ட நிக்கக் கூடாதாம். நான் மட்டும் நிக்கலாமாம். வித்தவ நீதானாம்."

கல்யாண வேலைக்காகப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த மகள் அமராவதி சிரித்தாள். "ஒரு மரக்கா நெல்லுல முடியிற காரியம். இந்தா இருக்குது வேலி, அந்தா இருக்குது வீடு. ஆத்தா ஏன் இப்புடி முழிக்குது?"

முழிக்கக் காரணம் இருந்தது. அது அமராவதிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் அவள் வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் போயிருந்தது.

சுதந்திரம் வந்து நாலாவது வருசம் மழை பொய்த்தது. சாதாரணமாகப் பொய்க்கவில்லை. அமாவாசைக்கு வைத்த சோற்றை விட்டுவிட்டு, கை கழுவின தண்ணீரைக் குடித்துவிட்டுக் காக்கைகள் பறந்தன. கண்மாய்க் கொக்குகளெல்லாம் ஜெகதாப்பட்டினத்துக்குக் குடிபோய்க் கடல்மீனுக்குப் பழகிவிட்டன. மறுவருசம் திரும்பி வந்தபோது, கண்மாய் மீனில் உப்பு பத்தவில்லை என்று முகத்தைச் சுளித்தன.

ஊர்ப் பொதுவில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். தலைக்கு ஓர் அகப்பை. ஆவுடையாள் வரிசையில் நின்று, புருசன், தான், மகன், மகள் என்று நாலு அகப்பை வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிடுவாள். "தவுட்டாத்தா வீட்டுல போய்க் குடிச்சுக்கய்யா. நீ அது புள்ளைதானே." பதின்மூன்று வயசுப் பையன், சொன்னதைக் கேட்டு வேலி தாண்டிப் போவான். அந்த வீட்டில் இருந்தது ஓர் அகப்பைக் கஞ்சி.

அந்த நாலாவது அகப்பை அமராவதிக்கு என்றுதான் ஆவுடையாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நோஞ்சான் பிள்ளை, பொட்டைப் பிள்ளை, பிழைக்கட்டும் என்று. பாதி நாள் அது உண்மை. மீதி நாளில் அடுப்படி இருட்டில் திரும்பி உட்கார்ந்து அவளே குடித்தாள். அந்தப் பஞ்சம் மாசிவரை இருந்தது. மழை பெய்து, நெல் விளைந்து, அமராவதி வயசுக்கு வந்து, கட்டிக்கொடுத்து, ரெங்கசாமிக்குக் கண் மங்கி, எவ்வளவோ நடந்துவிட்டது. அந்தக் கஞ்சி மட்டும் ஆவுடையாளுக்கு இன்னும் செரிக்கவில்லை. நல்லது நடக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கு ஏறி வந்து நின்றது. மகனுக்கு வேலை கிடைத்த அன்றும், பெண் நிச்சயமான அன்றும் புளித்த ஏப்பம் வந்ததாக அவளே சொல்லியிருக்கிறாள். சுக்கு வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை.

ஒரு காலையில் தலையில் நெல்லும் இடுப்பில் புதுச் சேலையுமாகப் போய் நின்றாள். இன்னாசியம்மாள் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. நெல்லு, சேலைன்னு தடபுடலா வந்திருக்க. என்னையப் பொண்ணு கேட்டா வந்த?"

"புள்ளைய மீட்டுக்கிட்டுப் போக வந்தேன்க்கா."

"கூட்டிக்கிட்டுப் போ. முறத்துல வச்சுத் தர முடியாது, ஆளு எடை ஏறிப் போனான். வண்டி கட்டி வந்திருக்கியா?"

இத்தோடு நெல்லை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கலாம். காலையிலிருந்து ஆவுடையாள் சாமியிடம் வேண்டிக்கொண்டதும் இதைத்தான். ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிட்டதால் அவளுக்குக் கால் நகரவில்லை.

"யக்கா, அந்தக் கஞ்சித் தொட்டி வருசம்..."

"ம்."

"அவன் பங்கையும் நான் வாங்குனேன்க்கா. வாங்கி வச்சுக்கிட்டுத்தான் அவன ஒங்கிட்ட அனுப்புனேன்."

இன்னாசியம்மாள் புளியங்கொட்டையைத் தட்டி எடுத்துச் சட்டியில் போட்டாள். "தெரியும். ஒனக்கு ரெண்டாளு தள்ளி நின்னேன். ஒஞ் சட்டியில நாலு விழுந்தத என் காது கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை கேக்கலயே நீ."

"கேட்டிருந்தா அவன அனுப்பியிருக்க மாட்ட."

ஆவுடையாள் தலைச்சுமையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"ஆனா பசிச்சுச்சுடி," என்றாள் இன்னாசியம்மாள். "இன்னிக்கு நெனச்சாலும் பசிக்குது. அவன் குடிக்கையில நான் மொகத்தத் திருப்பிக்கிட்டு செவமாலை உருட்டுவேன். மாதாவையா பாத்தேன்? சட்டியில மிச்சம் வைப்பானான்னுதான் பாத்தேன்." கத்தியைத் துடைத்தாள். "நெல்ல எறக்கி வச்சிட்டுப் போ. இதை அவன்கிட்ட நீயே சொல்லு. சொன்னதுக்கு அப்புறம் அவன் ஒனக்குத்தான்."

"அவன் என்னைய என்னக்கா நெனப்பான்?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நான் தவுட்டுக்கு வாங்குனவ. பெத்தவ நீதானே?"

வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது, அமராவதி இருந்தாள். ஆவுடையாள் ரோட்டுக்குப் போய் மகனுடைய பஸ்ஸிலேயே ஏறினாள். அது நிதானமான பஸ். கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது ஆட்கள் இறங்கி நடப்பார்கள். நடந்து முன்னால் போய்ச் சேர்ந்து, டீ குடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு நின்றால் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும்.

"எங்க ஆத்தா, ஆவுடையார்கோயிலுக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான் அடைக்கலம். காக்கிச் சட்டையும் தோல் பையுமாக இருந்தான்.

"சும்மாதான்யா."

"சும்மா எவளாச்சும் அறந்தாங்கிக்குப் போவாளா? வயித்துல ஏதும் செய்யுதா? டாக்டர்கிட்டப் போவமா?" அவளுடைய டிக்கெட்டுக்குத் தன் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துத் தோல் பையில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "ஒன் மகனா? கொடுத்துவச்சவ," என்றாள். ஆவுடையாள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அறந்தாங்கியில் மகன் இட்லியும் காப்பியும் வாங்கிக் கொடுத்தான். அவள் காப்பியை மட்டும் குடித்தாள். அதே பஸ்ஸில் திரும்பி ஏறினாள். கோழி விற்காததால் கூடைக்காரியும் கோழிகளும் கூடவே ஏறினார்கள். இரண்டு ஊர் போயிற்று. இன்னும் ஒரு மேடு தாண்டினால் சொந்த ஊர்.

"அடைக்கலம், இங்கிட்டு வா."

"டிக்கெட் போட்டுட்டு வாரேன், இரு ஆத்தா."

"இப்பவே வா."

வந்து கம்பியைப் பிடித்துக் குனிந்தான். எஞ்சின் சத்தத்தில் காது கேட்காததால் அவள் கத்தித்தான் சொன்னாள். கஞ்சித் தொட்டியைச் சொன்னாள், வரிசையைச் சொன்னாள், அகப்பையைச் சொன்னாள். சரியாக மேட்டுக்கு நடுவில் எஞ்சின் செத்துப் போயிற்று. மூச்சுவிடுகிற சத்தமும் இல்லாத பஸ்ஸுக்குள், "ஒன் கஞ்சிய நான் குடிச்சேன்யா," என்ற வார்த்தை மட்டும் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் இறங்கி நடக்கவில்லை. கூடைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோழிகள்கூட வாயைத் திறக்கவில்லை.

அடைக்கலம் நிமிர்ந்தான். கோபம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று ஆவுடையாள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். கோபம் வரவில்லை.

"அப்ப தவுட்டாத்தாவுக்கு?"

"அதுக்கு ஓர் அகப்பைதான்."

"எனக்கு முழுச் சட்டியும் ஊத்துமே."

"ஆமாய்யா."

"நான் மொதல்லயே குடிச்சிட்டேன்டான்னு சொல்லும். ஒதட்டத் தொடச்சுக் காட்டும்." அவன் கம்பியை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தான். "நானும் நம்பிட்டு, சட்டிய வழிச்சு நக்கிட்டு வருவேன்."

எஞ்சினை ராக்கன் எப்படியோ உயிர்ப்பித்தான், அவன்தான் டிரைவர். அடைக்கலம் பின்னால் போய் மிச்ச டிக்கெட்டுகளைப் போட்டான். ஒரு கிழவருக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அவரும் பேசாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஆவுடையாள் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற நாளிலிருந்து அவன் அழுகையை அடக்குவதற்கு அவள் அறிந்த வழிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றுகூட இப்போது அவள் செய்யக்கூடியதாக இல்லை.

ஊர் வந்தது. விசில் அடித்தது. பஸ் நிற்பதற்கு முன்பே அடைக்கலம் குதித்து, தோல் பை இடுப்பில் அடிக்க, தெருவுக்குள் ஓடினான். சொந்த வீட்டு வாசலில் அமராவதி, "என்னடா, என்னடா?" என்றாள். அவளைத் தாண்டி வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போனான். பஸ்ஸிலிருந்து எல்லாம் தெரிந்தது.

"எங்கடா போற? டயம் ஆச்சுல்ல?" ராக்கன் ஹாரனை அமுக்கினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அமுக்கினான். உள்ளே ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"ஒங்க ஊருதானே இது? நீ எறங்கலயா?" என்று கூடைக்காரி கேட்டாள். ஆவுடையாள் எழுந்திருக்கப் பார்த்தாள். வேலிப்படல் திறந்தே கிடந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

ராக்கன் மூன்றாவது தடவை ஹாரனில் கை வைத்தான்.

"அடிக்காதப்பா," என்றாள் ஆவுடையாள். "அவங்க ஆத்தாவப் பாக்கப் போயிருக்கான். பாத்துட்டு வரட்டும்."