நேரில் அறிந்தவர்

பெட்ரோல் போடும் இடத்தில் இயந்திரம் என் கார்டை இரண்டு தடவை துப்பியது. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனை அழுத்தினார். கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தேன். வங்கியிலிருந்து செய்தி வந்திருந்தது. விவரங்களைப் புதுப்பிக்காததால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. கணக்கு வைத்திருப்பவர்கள் இருவரும் கிளைக்கு நேரில் வரவும்.

இருவரும்.

கல்யாணமான மாதமே அவள் திறந்த கூட்டுக் கணக்கு அது. அவள் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். வங்கியிலிருந்து எது வந்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். அவள் இறந்த பிறகும் அப்படியே வந்துகொண்டிருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் சொல்லியாகிவிட்டது. வங்கியில் மட்டும் சொல்லவில்லை. அங்கே அவள் இன்னும் இருந்தாள். இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

முதல் தடவை போனபோது உதவி மேசைப் பெண் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. தள்ளிப் பிடித்துப் படித்தேன். அம்மா பெயர். அம்மா பிறந்த ஊர். செய்யும் வேலை. வருமானம் எங்கிருந்து வருகிறது. வீட்டில் எத்தனை பேர். நெருங்கிய உறவினர் யாராவது செல்வாக்கான பதவியில் இருக்கிறார்களா. அக்காவைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"இதெல்லாம் கணக்கு தொடங்கும்போதே குடுத்தாச்சே."

"அது பழைய சிஸ்டம் சார்."

"பழைய சிஸ்டத்துல எனக்கு வேற அம்மாவா இருந்தாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "மேடமும் வரணும் சார். ஜாயின்ட் அக்கவுண்ட்."

"அவங்களால வர முடியாது."

"வெளியூரா?"

"ஆமா."

"அப்ப வந்ததும் கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். சொன்னேன்.

"இத்தனை வருஷமா உன் சம்பளம் அங்கதானேடா போகுது. இப்ப வந்து நீ யாருன்னு கேக்கறானா? விட்டா மச்சம் எங்க இருக்குன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லிட வேண்டியதுதான்."

"விளையாடாத. அவ போயிட்டான்னு சொல்லி, சர்ட்டிபிகேட்டக் குடுத்து, உன் பேர்ல மாத்திக்கோ. ஒரு நாள் வேலை."

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கப் போற?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். 

இரண்டாவது தடவை போனபோது எல்லாவற்றையும் பையில் வைத்திருந்தேன். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம். இறப்புச் சான்றிதழும் இருந்தது, அடியில். அதை எடுக்காமல் வேலையை முடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

டோக்கன் மூன்றாம் கவுன்ட்டருக்கு அழைத்தது. அங்கே இருந்தவன் படிவத்தில் அவள் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"சார், நீங்க கண் கிளினிக் மேடத்தோட வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அட, லிஃப்ட் சார்!" எழுந்து கை நீட்டினான். "நான்தான் பேங்க் அண்ணன். சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருக்கிறாள். அவள் ஒரு கண் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் கிளினிக் பணத்தைக் கட்ட இங்கே வருவாள். சாப்பிடும்போது "பேங்க் அண்ணன் இன்னிக்கு என்ன சொன்னார் தெரியுமா" என்று தொடங்குவாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வழுக்கை, தொந்தி, ஓய்வு பெறப் போகிற ஆள் என்று ஒருவரை மனதில் உட்கார வைத்திருந்தேன். எதிரே இருந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். தலை நிறைய முடி. பல்வரிசை அழகாக இருந்தது.

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் லிஃப்ட் சார் என்று அவள் என்னை வீட்டில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"ஹெட் ஆபீசுக்குத் தூக்கி அடிச்சிருந்தாங்க சார். போன வாரம்தான் திரும்பி வந்தேன். வந்ததும் இந்த விவரம் புதுப்பிக்கிற கூத்து. காலையிலேருந்து எல்லார்கிட்டயும் திட்டு. இருபது வருஷமா வர்றவரைப் பாத்து நீங்க யாருன்னு கேக்கச் சொல்றாங்க. கேக்கறப்போ எனக்கே கூசுது." குரலைத் தாழ்த்தினான். "மேடம் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அவளைப் பற்றி இவனுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

"இதப் பாத்தீங்களா?" தன் மூக்குக் கண்ணாடியைத் தொட்டான். பழுப்பு நிற ஃபிரேம். "மேடம் செலக்ஷன். ஒரு நாள் நோட்டை இப்படிக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்துட்டு இருந்தேன். 'அண்ணா, நோட்டைப் பாக்கறீங்களா, மோந்து பாக்கறீங்களா'ன்னு கேட்டாங்க. வரிசையே சிரிச்சிடுச்சு. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டு வந்து நிக்கறாங்க. ஃபிரேம் எடுக்கறப்பவும் விடல. கறுப்பு வேணாம், மூஞ்சி தூங்கி வழியும்னுட்டாங்க."

எனக்கும் அவள் நேரம் வாங்கித் தந்தாள். பல தடவை. நான் போகவில்லை. அவள் தேர்ந்தெடுத்த கண்ணாடி இந்த முகத்தில் இருந்தது. முகத்துக்குப் பொருந்தியும் இருந்தது. வரிசை முழுக்கச் சிரித்த அந்த நாளை நான் கேள்விப்படவே இல்லை. ஒருவேளை அவள் சொல்லியிருப்பாள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவளுடைய சிரிப்பில் கொஞ்சம் இவனிடம் பத்திரமாக இருந்தது. வட்டியோடு.

"உங்களுக்கும் கண்ணு சரியில்லையாமே? ஒத்துக்க மாட்டீங்களாம்."

"என்னைப் பத்தி நிறைய பேசுவாங்களோ?"

"பேச்சே நீங்கதான் சார். லிஃப்ட்ல யாரோ நாயோட மாட்டிக்கிட்டாங்களாம், நீங்க மேல கயித்தப் பிடிச்சு இறங்கறதுக்குள்ள நாய் தூங்கிடுச்சாம். நடிச்சே காட்டினாங்க. நாயாவும் அவங்களே, நீங்களாவும் அவங்களே."

நான் அவளிடம் அதை இரண்டே வரியில் சொல்லியிருந்தேன்.

அவன் கணினியைத் தட்டினான். நெற்றியைச் சுருக்கினான்.

"உங்க பக்கம்தான் சிக்கல் சார். நீங்க கிளைக்கே வந்ததில்ல போல. உங்க போட்டோ பழசு, கையெழுத்து பழசு, எல்லாம் புதுசா வேணும்."

"அவங்களோடது?"

"அவங்க வரணும்னே இல்ல." திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "பழைய கஸ்டமருக்கு ஒரு வழி இருக்கு. வர முடியாதவங்களுக்கு, அதிகாரி ஒருத்தர் 'இவர் எனக்கு நேரில் அறிந்தவர்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். மேடத்துக்கு நான் போடறேன். இந்தக் கிளையில அவங்கள என்னைவிட யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்பது மாதிரி சிரித்தான். பிறகு படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான்.

வேடிக்கைதான். உயிரோடு வந்து நிற்கிற எனக்கு ஆதாரம் போதவில்லை. அவளுக்கு ஆதாரமே வேண்டாம். நான் சும்மா இருந்தால் போதும், அவள் பெயர் முன்னாலேயே இருக்கும். செய்திகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இதற்காகத்தானே வந்தேன்.

அவன் எழுத ஆரம்பித்தான். கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. 'இவர் எனக்கு'

என் வேலையிலும் இப்படி ஒரு அட்டை உண்டு. லிஃப்ட் பெட்டிக்குள் ஒட்டியிருப்பார்கள். நேரில் பரிசோதித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர்கள் டீ வாங்கிக் கொடுத்து, போன மாதம்தானே பார்த்தீர்கள், அப்படியே போடுங்கள் என்பார்கள். நான் போட்டதில்லை. குழிக்குள் இறங்காமல் ஒரு தடவையும் போட்டதில்லை. அந்தக் கையெழுத்தை நம்பி யாரோ உள்ளே ஏறுகிறார்கள்.

இவன் என்னை நம்பி எழுதிக்கொண்டிருந்தான். 'நேரில்'

"போடாதீங்க."

பேனா நின்றது.

"ஏன் சார்?"

"அவங்க இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

நான் பையின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே நீட்டினேன். அவன் வாங்கிப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான்.

"நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே" என்றான். கோபம் இல்லை. சின்னப் பிள்ளை கேட்பது போல இருந்தது.

"சொன்னேன்."

"எப்படி சார்?"

"தலைவலின்னாங்க. மாத்திரை போட்டுட்டுப் படுத்தாங்க. மூளையில ரத்தக் கசிவாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்துக் கவுன்ட்டர் பெண் எட்டிப் பார்த்தாள். டோக்கன் பலகையில் அடுத்த எண் வராததால் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் வரவில்லை. அவள் துணிகளை அக்கா மடித்து எடுத்துப் போனபோதும் வரவில்லை. இந்த ஆளுக்குக் குழாயைத் திறந்த மாதிரி வந்துவிட்டது. கண்ணாடி, சிரிப்பு, நாய்க் கதை எல்லாவற்றையும் விட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குச் சேர வேண்டியதை வேறு கணக்கில் வரவு வைத்தது போல இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றான். "நீங்களே கலங்காம உக்காந்திருக்கீங்க. நான் போய்..."

"பரவால்ல. அழுங்க."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதியதைக் கிழித்தான். புதுத் தாள் எடுத்தான். கணினியில் ஏதோ திறந்தான். விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

"பேரை எடுத்துடட்டுமா சார்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படி அனுமதி கேட்டதில்லை. எல்லா இடத்திலும் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

"எடுங்க."

ஒரு விசை. என் பெயர் மேலே ஏறியது. அவ்வளவுதான்.

"இனி உங்க விவரம் மட்டும்தான்" என்றார் அவர். குரல் இன்னும் கரகரத்தது. "அடையாளம் இருக்கு, சம்பளச் சீட்டு இருக்கு. வீட்டு முகவரிக்கு ஒண்ணு வேணும். இல்லாட்டி விடுங்க, நேரில் அறிந்தவர்னு உங்களுக்கு நான் போட்டுடறேன். பாதி அவங்க சொல்லியே தெரியும்."

"வேணாம். என்னை இன்னிக்குத்தான் பாக்கறீங்க."

"அதுவும் சரிதான்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும் சார். இந்தக் கிளைக்கு அவங்க முதல் தடவை வந்தது இந்தக் கணக்கு திறக்கத்தான். நான்தான் திறந்தேன். அன்னிக்கு உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க..."

"எவ்வளவு நேரம் சார் நிக்கறது?" என்றார் பின்னாலிருந்த பெரியவர். "கதை பேசறதுக்கா டோக்கன் குடுத்தீங்க?"

அவர் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாடகை ஒப்பந்தம் இருக்கா சார்? இருந்தா இப்பவே முடிச்சுடலாம். மறுபடி நீங்க வர வேண்டியதில்ல."

பை மடியில் திறந்தபடி இருந்தது. ஒப்பந்தத்தின் பச்சை முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாடி வழியாக எல்லாம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

"நாளைக்கு வாங்க" என்றார். "மதியத்துக்கு மேல வாங்க. கூட்டம் இருக்காது."