கோப்பாய்க்குப் போன வான்

பிறேக் பெடல் பிரியந்தினியின் காலுக்குக் கீழே சத்தமில்லாமல் தரை வரைக்கும் போனது.

முன்னால் சந்தி. சந்தியில் ஒரு மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாரோ ஒரு மனிசியோடு உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்போலக் கதைத்துக்கொண்டு நின்றார். வானுக்குள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவள் மறுபடியும் மிதித்தாள். பஞ்சு. இன்னொரு தரம் மிதித்தாள். பஞ்சு மூட்டையாவது கொஞ்சம் எதிர்த்துத் தள்ளும், இது அதுவுமில்லை. இடது கை தானாகவே போய் ஹான்ட் பிறேக்கைப் பிடித்து இழுத்தது. வான் ஒரு பக்கம் சரிந்து, முனகி, மீன்பெட்டிக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக நின்றது.

மீன்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, சூடை மீன் வேணுமெண்டால் ஒரு குரல் குடுத்திருக்கலாமே. ஏன் பெட்டிக்குள்ளையே வரப் பாக்கிறாய்?"

பிள்ளைகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வானை ஓரமாக விட்டு, ரயருக்குக் காற்றுப் போய்விட்டது என்று சொல்லி, பிள்ளைகளைக் கை கோர்க்கவைத்துப் பள்ளிக்கூட வாசல் மட்டும் நடத்திக்கொண்டு போனாள். கேற் மூடியது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹான்ட் பிறேக்கும் பிடிக்காமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்விக்கு மேலே மனம் போக மறுத்தது.

இது முதல் தரம் என்றால் யாரிடமும் போய்ச் சொல்லி அழலாம். இது மூன்றாவது. முதல் இரண்டு தரமும் பெடல் கொஞ்சம் இளகியதும் அவள் நேரே லெனாட்டிடம்தான் கொண்டுபோனாள். லெனாட் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். குருநகரில் கடற்கரைப் பக்கமாகச் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருப்பவன். இந்த வானைத் தேடிப் பிடித்தவனும் அவன்தான், ஒரு மாதம் அவளைப் பக்கத்தில் இருத்தி ஓடப் பழக்கியவனும் அவன்தான். இரண்டு தரமும் கழற்றிப் பார்த்து, புதுச் சாமான் போட்டுப் பூட்டிக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை. தங்கச்சியிடம் கூலி வாங்கினால் கை விளங்காது என்பான்.

அதுதான் சிக்கல். கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்தவனிடம் போய், ஏன் இப்படிச் செய்தாய் என்று சண்டை பிடிக்கலாம். சும்மா செய்து தந்தவனிடம் என்னவென்று வாயைத் திறப்பது? கணவன் றஜிந்தன் கடலுக்குப் போகிறவன். வானைப் பற்றிப் பேச்செடுத்தால் "கொண்ணையைக் கேள்" என்றுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வேறு கராஜுக்குக் கொண்டுபோகலாம் என்றால், லெனாட்டின் தங்கச்சியே லெனாட்டை நம்பவில்லை என்ற செய்தி, வள்ளம் கரைக்கு வருமுன்னே குருநகர் முழுக்க வந்துவிடும். அதற்குப்பிறகு அவனிடம் எவன் வாகனத்தை விடுவான்?

ஆனாலும் இரண்டாம் தரத்துக்குப் பிறகு, சிநேகிதி ஒருத்திக்காகக் கேட்கிறமாதிரி, நம்பிக்கையான கராஜ் எங்கே இருக்கிறது என்று அவள் விசாரிக்காமல் இல்லை. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் நம்பிக்கையான கராஜுக்குப் பஞ்சமே இல்லை. அவரவருக்குச் சொந்தத்தில் ஒன்று இருக்கிறது. வானில் வரும் பிள்ளையின் தாய் லவீனா சித்தப்பாவின் மகனைச் சொன்னாள். அரிசிக்கடைக்காரர் மருமகனைச் சொன்னார். வேலை எப்படி என்று கேட்டால், நல்ல குடும்பம் என்றார்கள். பிரியந்தினிக்கு வேண்டியிருந்ததோ யாருக்குமே சொந்தக்காரனாக இல்லாத ஒரு மெக்கானிக்.

அப்படி ஒருவரின் பெயர் வங்கி வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற முகம் தெரியாத ஒரு மனிசி தன் புருஷனிடம் பொரிந்துகொண்டிருந்தாள்: "கோப்பாய்த் தியாகராசாவிட்டையே திரும்பக் கொண்டு போங்கோ. அந்தாளின்ரை வாய் நாறல் வாய்தான். வேலை சுத்தம்." புகழ்ச்சிகளைக் கேட்டுச் சலித்துப்போயிருந்தவளுக்கு இந்தத் திட்டு நம்பும்படியாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் இருந்து திரும்பி வந்தவள், இருக்கைக்குக் கீழே கிடந்த போத்தலில் இருந்த பிறேக் ஒயிலை ஊற்றி, பெடலை மிதித்து மிதித்துக் கொஞ்சம் உயிர் வரவைத்தாள். பிறகு மாட்டுவண்டி வேகத்தில் கோப்பாய்க்குத் திருப்பினாள். பின்னால் வந்த பஸ்காரன் வழி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான்.

தியாகராசாவின் கராஜ் ஒரு வெங்காயத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. நெற்றியில் விபூதி, அதற்குமேலே ஒரு கோடு கிறீஸ். அறுபதைத் தாண்டிய மனிதர். வானைப் பார்க்குமுன் அவளைப் பார்த்தார்.

"எந்த இடம், பிள்ளை?"

"பாசையூர்." பொய் சுலபமாக வந்தது.

"பாசையூரிலை ஆற்றை மேள்? தகப்பன்ரை பேர் என்ன?"

"உங்களுக்குத் தெரியாது, ஐயா."

"தெரியாத ஆக்கள் இந்தக் குடாநாட்டிலை ஆர் இருக்கினம்? சரி, சொல்லாட்டிக்கு விடுங்கோ. நான் என்ன சம்பந்தமே பேசப்போறன்."

ஜாக்கியைப் போட்டு வானை உயர்த்தி, பின்பக்க இடது சில்லைக் கழற்றினார். வாய் ஓயவில்லை. நாட்டு நடப்பு, வெங்காய விலை, இப்போதைய பெடியன்கள் வாகனம் ஓடும் இலட்சணம். திடீரென்று வாய் நின்றது.

"இஞ்சை வந்து பாருங்கோ."

அவள் குனிந்தாள். சில்லுக்குப் பின்னால் பிறேக் பைப் வந்து சேரும் இடத்தில் சின்னதாக ஒரு நட். அதைச் சுற்றி ஒயில் கசிந்து புழுதியோடு களியாகியிருந்தது. தியாகராசா இரண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருகினார். போத்தல் மூடிபோல அது சுழன்றது.

"ஸ்பானரே தேவையில்லை. சாமான் எல்லாம் புதுசு, நல்ல சாமான். பழசைப் போட்டு ஏமாத்தவும் இல்லை. பூட்டிப்போட்டு இறுக்காமல் விட்டிருக்கிறான். கள்ளனெண்டால் விளங்கும், இவன் ஆர்? விசரனோ? பிள்ளையள் ஏத்திற வான் எண்டு அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும்," என்றாள் பிரியந்தினி.

"உதென்ன நூல்? பிறேக் பைப்பை வலை நூலாலை கட்டியிருக்கிறான்!" தியாகராசா சிரித்தார். "இவன் வலை பின்னப் போயிருக்கலாம்."

பைப் ஆடாமல் இருக்க நீல நிற வலை நூலால் கட்டுவது லெனாட்டின் வழக்கம். பிளாஸ்ரிக் பட்டி வெயிலுக்கு வெடித்துவிடும், நூல் நிற்கும் என்பான். இரண்டு வருடத்துக்கு முன்னர் போட்ட கட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. தட்டையான, கல்லுப்போல இறுகிய வலை முடிச்சுகள். வலை பின்னும் வீட்டில் பிறந்தவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியாக இருந்த புது முடிச்சில்தான் கண் போய் நின்றது. அது முடிச்சே இல்லை. சப்பாத்து நூல் கட்டப் பழகும் பிள்ளை போட்டதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து சுற்று. நூலின் நுனி நைந்து, சப்பித் துப்பிய கரும்புச் சக்கைபோல இருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பல்லால் இழுத்திருக்கிறான்.

கையால் இழுக்க முடியாமல், வானுக்குக் கீழே மல்லாக்கக் கிடந்து, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறான். ஏழு வயதிலேயே அவன் கண்ணை மூடிக்கொண்டு போட்ட முடிச்சு. வாயிலே மண்ணெண்ணெயும் புழுதியும் போயிருக்கும். பிறகு வெளியே வந்து, சரி கொண்டு போ என்று சிரித்திருக்கிறான். போன ஞாயிறு கோயிலில் பாட்டுப் புத்தகத்தை அவன் தன் மனிசி பெர்னடெட் மச்சாளின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணாடி கொண்டு வரவில்லை என்றான். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

"ஐயா, விசரன் எண்டு சொல்லாதேங்கோ."

"ஏன், ஆர் அவர்?"

"என்ரை அண்ணை."

தியாகராசா ஸ்பானரை எடுத்து நட்டை இறுக்கினார். மற்றச் சில்லுகளையும் கழற்றிப் பார்த்தார். எல்லாம் முடிந்து கையைப் பழஞ்சீலையில் துடைக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அப்ப பாசையூரில்லை."

"குருநகர்."

"வான் இனிப் பயமில்லை, பிள்ளை. ஆனால் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. உங்கடை வானை நான் இறுக்கிப்போட்டன். அவர் இண்டைக்கும் ஆற்றையோ வாகனத்துக்குக் கீழைதானே படுத்திருப்பார்?"

பள்ளிக்கூடம் விட்டு, கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டு அவள் லெனாட்டின் கராஜுக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. வழி முழுக்க வசனங்களைக் கட்டிக் கட்டி அழித்தாள். அண்ணை, ஆஸ்பத்திரிக்குப் போவமே. அண்ணை, ஒரு ஆளை வேலைக்கு வைச்சால் என்ன. எந்த வசனத்தைச் சொன்னாலும் அதன் முடிவில் லெனாட்டின் முகம்தான் வந்து நின்றது.

அவன் அடைக்கலநாதனின் ஓட்டோவுக்குக் கீழேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். அடைக்கலநாதன் அயலில் இருப்பவர். கவிழ்த்த பெட்டி ஒன்றில் குந்தியிருந்தார்.

"வா பிரியா," என்றான் லெனாட். "வான் எப்பிடி ஓடுது?"

"ஓடுது, அண்ணை."

"அடைக்கலம், முடிஞ்சுது. பிறேக் இப்ப கல்லுமாதிரி. கொண்டு போ."

"விடிய மயிலிட்டிக்குப் போகவேணுமடாப்பா. மனிசி, பிள்ளையள், மாமி, எல்லாரும். மாமியை ஏத்தினால் ஓட்டோ முன்சில்லைத் தூக்கும், அதுக்கும் சேர்த்துப் பாத்தனியோ?" அடைக்கலநாதன் எழுந்து ஓட்டோவில் திறப்பைப் போட்டார்.

இப்போது சொல்லவேண்டும். அடைக்கலநாதனுக்கு முன்னால் சொன்னால் இந்தக் கராஜ் இன்றோடு சரி. சொல்லாமல் விட்டால் விடிய இந்த ஓட்டோ வடக்கு வீதியால் குடும்பத்தோடு போகும்.

"அடைக்கலண்ணை," என்றாள். "எனக்குத் தலையிடி. பின்னாலை வீட்டிலை மச்சாளிட்டைச் சொல்லி ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறியளே?"

"நான் என்ன உன்ரை வீட்டு வேலைக்காரனோ? காலமையிலையிருந்து எல்லாரும் என்னைத்தான் ஏவுறியள்." புறுபுறுத்துக்கொண்டே அவர் வீட்டுப் பக்கம் போனார்.

அவள் ஸ்பானரை எடுத்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"ஒருக்கா இறுக்கிப் பாக்கிறன், அண்ணை."

"உனக்கென்ன தெரியும்? வை அதை. நான் இறுக்கினது."

அவள் பதில் சொல்லாமல் மண்ணில் படுத்துச் சரிந்தாள். காலையில் கோப்பாயில் பார்த்த அதே மாதிரி நட். ஸ்பானரைப் பொருத்தி இழுத்தாள். இறுகியிருக்க வேண்டும் என்று மடுமாதாவை வேண்டினாள். நட் திரும்பியது. மறுபடி பொருத்தி இழுத்தாள். இன்னும் திரும்பியது. இரும்பு இரும்போடு உரசும் சின்னச் சத்தம் அந்த ஒடுங்கிய இடத்தில் பெரிதாகக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

மேலேயிருந்து லெனாட்டின் குரல் வந்தது. "கனக்கச் சுத்தினதோ?"

"ஓம்."

அவன் ஓட்டோவின் பக்கத்தில் மண்ணில் குந்தினான். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தான், யாரோ கொண்டுவந்து தந்த பொருள்போல.

"பிடிக்குதில்லை, பிரியா. இறுக்கிறன் எண்டுதான் நினைக்கிறன். அதுக்கு மேலை வருகுதில்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால்?"

செருப்புச் சத்தம் கேட்டது. அடைக்கலநாதன் தேத்தண்ணியும் கையுமாக வந்து நின்று, ஓட்டோவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய கால்களைப் பார்த்தார்.

"என்னடாப்பா லெனாட், தங்கச்சியை மெக்கானிக் ஆக்கிப்போட்டியோ?"

லெனாட் எதையோ தேடி எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஓம்," என்றான் அவன். "கொஞ்சம் பொறு. மற்றப் பக்கத்தையும் பாக்கட்டும்."

முழங்காலில் நின்று, பிறகு வயிற்றில் படுத்து, அவளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். கையில் ரோச். அடைக்கலநாதனுக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "கோயில் வானுக்கும் போன கிழமை நான்தான் பிறேக் பூட்டினது."

பிறகு ரோச்சை அடித்தான். வெளிச்சம் அச்சின்மேல் விழுந்து, வழுகி, சில்லுக்குப் போய், திரும்பவும் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் அந்த மஞ்சள் வட்டம் நிற்காமல் நட்டைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டேயிருந்தது. அவள் ஸ்பானரை அதற்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் ஒரு தரம் நட்டின்மேல் வரட்டும் என்று காத்துக் கிடந்தாள்.