உள்தோல்

மறுபடியும் பாதியிலேயே கிழிந்துவிட்டது, கண்ணாடித் தாள் போல ஒரு துணுக்கு மட்டும் நகத்தோடு வந்தது, மீதி பட்டாணிக் காயின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் காயே பிய்ந்துவிடும், இழுக்கிறேன், பிய்ந்துவிட்டது, அதை முறத்தில் போட்டுவிட்டு அடுத்த காயை எடுக்கிறேன், ஒரு பக்க விளிம்பை மட்டும் கத்தி நுனியால் பிரித்து, மணிகளைக் கிண்ணத்தில் வழித்துவிட்டு, மற்றப் பக்கம் விட்டுப்போகாமல் விரித்துப் பிடித்து, அந்த உள்தோலோடு மல்லுக்கு நிற்கிறேன், இது என் வேலையே இல்லை, கெசியாவின் வேலை, அவள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள், வந்ததும் வராததுமாக இந்தக் குன்னூர்க் குளிரில் ஸ்வெட்டரைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் சமையலறை முக்காலியில் ஏறி உட்கார்ந்து அத்தனையையும் உரித்துத் தள்ளிவிடுவாள், அதுவரை சும்மா இருக்க முடியாமல்தான் நான் கை வைத்தேன். நாளை ஈஸ்டர், விடியற்கால ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் கூடுகை, வீட்டுக்கு ஒரு பலகாரம், எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் இதுதான், பட்டாணிக் காயை முழுசாகத் திறந்து உள்ளே பனீர் மசாலா வைத்தது, ஒரு வாய்க்கு ஒன்று. கெசியா என் வீட்டுக்காரரின் தம்பி மகள், மூன்று வயதில் என் மடிக்கு வந்தவள், பத்து வயதில், போன ஜூனில், அவளுடைய அப்பா பொன்ராஜ் அவளைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், ஈஸ்டருக்குக் கண்டிப்பாக் கூட்டிட்டு வந்துடறேன் அண்ணி என்று சொல்லிவிட்டுத்தான் போனார், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் மழைக்காலத்தைத் தாண்டினேன், கிறிஸ்துமஸைத் தாண்டினேன், உறைபனியில் ரோஜாச் செடிகள் கருகியதையும் தாண்டினேன், இப்போது பாதையோரத்து மரமெல்லாம் ஊதாப் பூவாக நிற்கிறது, என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டைப் பேருக்குக் கொறித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார், காரில் வந்தாலும் அந்த வழியாகத்தானே வரணும் என்கிறார்.

இதை முதன்முதலாகச் செய்தது ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோட்டத்து விருந்துக்காகச் சிரித்துக்கொண்டே காயைப் பிளந்து, உள்ளே சீஸை வைத்து, தட்டில் அடுக்கிவிட்டுப் போய்விட்டாள், அவள் ஊர்க் காய் வேறு ரகம், தோலோடு தின்னலாம், நம் மலைக் காய் மணிக்காக விளைவது, உள்ளே ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டே பிறக்கிறது, அது எனக்கு எங்கே தெரியும், பட்டாணித் தோட்டங்களுக்கு நடுவில் குடியிருந்தும் தோலைக் குப்பையில் போட்டுத்தானே பழக்கம், நானும் சிரித்துக்கொண்டே செய்து எடுத்துப் போனேன். பாஸ்டரம்மா முதல் காயை வாயில் போட்டு மெல்லுகிறார், மெல்லுகிறார், அதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டும் மெல்லுகிறார், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ம்ம் என்கிறார், பாடகர் குழுவில் ஒருத்தர் மென்றதை உருட்டி லில்லிப் பூந்தொட்டியில் மெதுவாகப் போடுகிறார், எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கிறது, என் பாவாடை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்ற கெசியா என் சேலையை இழுத்து, எல்லாரும் ஏன் பெரியம்மா பபிள்கம் சாப்பிடறாங்க என்று கேட்கிறாள், அது ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது, நானும்தான் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். அன்று சாயங்காலம் மிச்சக் காய்களை வைத்து அவள் தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள், பெரியம்மா இங்க பாருங்க, இதுக்குள்ள ஒரு சட்டை இருக்கு, கழட்டிட்டேன் என்று காட்டினாள், சின்ன விரல் இரண்டுக்கு நடுவில் முழுசாக, ஓட்டை கிழிசல் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் அப்படியே தெரிகிற ஒரு தோல், இன்னொரு கையில் பச்சைக் காய் மெத்தென்று கிடந்தது, வாங்கிக் கடித்தேன், இனித்தது. அதற்கு அடுத்த ஈஸ்டரில் தட்டு காலியானது, அதற்கடுத்த ஈஸ்டரில் பாஸ்டரம்மா டப்பா கொண்டுவந்தார், எங்களுக்குள் வேலைப் பிரிவினை அப்படியே நின்றுவிட்டது, தோல் அவளுடையது, மசாலா என்னுடையது, வாடி பனீர் எப்படிப் பிசையறதுன்னு சொல்லித் தர்றேன் என்றால், அது உங்க வேலை பெரியம்மா, என் வேலைய நான் பாக்கறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்வாள், நான் ஒரு காயை எடுத்து முயற்சி செய்தால் பிடுங்கிக்கொள்வாள்.

முக்காலி காலியாக இருக்கிறது, ஆனால் நான் கத்தியை வைக்கத் திரும்பும்போதெல்லாம் அதில் இரண்டு கால்கள் ஆடுகின்றன, ஒரு கொலுசு எப்போதும் கழன்று தொங்கும், கட்டிவிடுங்க கட்டிவிடுங்க என்று காலை நீட்டுவாள், நீட்டுகிறாள், குனிகிறேன், தரையில் ஒரு பட்டாணி மணி உருண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். லில்லி, அவளைப் பெற்றவள், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிணமாகத்தான் திரும்பினாள், பொன்ராஜ் ஒரு மாதம் பிள்ளையைப் பார்த்தால் அழுவதும் பார்க்காவிட்டால் அழுவதுமாக இருந்துவிட்டு, ஒரு நாள் துணிப்பையோடு கொண்டுவந்து என் மடியில் உட்காரவைத்தார், எங்களுக்கும் பிள்ளை இல்லை, எத்தனையோ வருஷ ஜெபம், ஆண்டவர் இப்படியா கேட்பார் என்று பயமாகக்கூட இருந்தது. முதல் வாரத்திலேயே குழந்தை என்னை அம்மா என்றது, சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொரு தடவை சொல்லேன் என்று கேட்க வாய் துடித்தது, ஆனால் சுவரில் லில்லியின் படம் இருந்தது, அவள் போய் இரண்டு மாதம் கூட ஆகவில்லை, இல்லடா கண்ணு, அம்மா அவங்கதான், நான் பெரியம்மா என்று படத்தைக் காட்டினேன், திரும்பத் திரும்பக் காட்டினேன், அது படித்துக்கொண்டது, ராத்திரி ஜுரத்தில் புலம்பும்போது கூடப் பெரியம்மா என்றுதான் புலம்பியது, அம்மா என்ற சொல்லை லில்லிக்கென்று தனியாக எடுத்து வைத்தேன், நானும் தொடவில்லை, யாரையும் தொட விடவில்லை.

பொன்ராஜ் புதிதாகக் கட்டிக்கொண்ட பிரிசில்லா நல்ல பெண், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப் போகும், போன மே மாதம் கல்யாணம், ஜூனில் இரண்டு பேரும் ஆப்பிளும் திராட்சையுமாக வந்தார்கள், அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அக்கா, நீங்க வளத்த மாதிரி என்னால முடியாது, ஆனா முயற்சி பண்றேன் என்றாள், இப்படிச் சொல்கிறவளை என்னவென்று திட்டுவது, திட்ட முடிந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். பொன்ராஜ் கூடத்தில் நின்றுகொண்டு, அண்ணி, நீங்க பண்ணினத நாங்க மறக்க மாட்டோம் என்றார், நன்றி சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும் போல, நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறேன், ஏதாவது சொல்லுங்களேன் என்று பார்க்கிறேன், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவன் பிள்ள, அவன் கூட்டிட்டுப் போறான், நாம என்ன சொல்றது என்கிறார், அது நியாயம்தான், நியாயத்தை யார் இப்போது கேட்டார்கள், எனக்கு வேண்டியது அநியாயமாக ஒரு வார்த்தை, விட மாட்டேன் என்று யாராவது ஒருத்தர் கத்தியிருக்க வேண்டும், நானும் கத்தவில்லை, துணி அடுக்கினேன், புளிச் சாதம் கட்டினேன், கெசியா காரில் ஏறும்போது, ஈஸ்டருக்குக் காய் வாங்கி வைங்க பெரியம்மா, நீங்களே உரிச்சுடாதீங்க, எல்லாம் கிழிச்சுடுவீங்க என்றாள், சரிம்மா என்றேன்.

போன் அடிக்கிறது, பொன்ராஜ் நம்பர், மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டார்கள் என்று சொல்லத்தான் என்று ஈரக் கையோடு எடுக்கிறேன், பெரியம்மா, என்ன பண்றீங்க, அவள்தான், குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, காய் பிரிச்சிட்டிருக்கேன்டா, எங்க வர்றீங்க, மலை ஏறிட்டீங்களா, அவளுக்குப் பின்னால் குக்கர் விசிலடிக்கிறது, கார் எங்காவது விசிலடிக்குமா, எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் புரியாத மாதிரி நின்றேன். அப்பா உங்ககிட்ட சொல்லலையா, நாங்க லீவுல வர்றோம் பெரியம்மா, நாளைக்கு இங்க எங்க சர்ச்லயும் கூடுகை, எங்க வீட்டுல இருந்து நம்ம பட்டாணிதான், நான் எல்லாத் தோலும் உரிச்சிட்டேன், ஒண்ணு கூடக் கிழியல, ஆனா உள்ள வெக்கறது எனக்குத் தெரியாதுல்ல, அம்மா கேக்கறாங்க, உள்ள என்னென்ன போடணும்னு. அம்மா கேக்கறாங்க, தடுக்காமல், யோசிக்காமல், தண்ணீர் குடிப்பது போலச் சொல்லிவிட்டாள், ஏழு வருஷம் எடுத்து வைத்த சொல் எவ்வளவு லேசாகப் போய்விட்டது, லில்லி, உன் படத்தை நான் எவ்வளவு தடவை காட்டினேன், முக்காலியில் உட்கார்ந்தேன். எழுதிக்கோ கண்ணு, பனீர உதிர்த்துக்கோ, தயிர வெள்ளத் துணியில கட்டித் தொங்கவிடு, தண்ணி எல்லாம் போகட்டும், பச்சமிளகா, புதினா, நுணுக்கின மிளகு, வேகவெச்ச பட்டாணிய மசிச்சு அதுலயே சேரு, எலுமிச்சத் தோலத் துருவி ஒரு சிட்டிகை, சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டேன், பொட்டுக்கடலை மாவு பாக்கி, அது ஒரு ஸ்பூன் போடாவிட்டால் திருப்பூர் வெயிலுக்கு ஹாலுக்குப் போவதற்குள் மசாலா தண்ணீர் விட்டு, காயெல்லாம் சொதசொதவென்று, யாரும் ஒன்றுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதானா பெரியம்மா என்கிறாள், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாய் திறந்தது, இல்லடா, பொட்டுக்கடல மாவு ஒரு ஸ்பூன் கடைசியாப் போடணும், அதப் போடலன்னா தண்ணி விட்டுடும், அம்மாகிட்ட மறக்காமச் சொல்லு. நானே சொல்லிவிட்டேன், என் வாயாலேயே.

சரி பெரியம்மா என்றவள் வைக்கவில்லை, அங்க யாரு உங்களுக்குத் தோல் உரிக்கறாங்க என்று கேட்டாள், யாரும் இல்லை என்று சொல்ல முடியவில்லை, நானே உரிச்சிடுவேன்மா, எனக்கு வந்திடுச்சு என்றேன், பொய் சொல்லாதீங்க, எல்லாம் கிழிஞ்சிருக்கும், எனக்குத் தெரியும், உங்க கை எப்பவும் ஈரமா இருக்கும் பெரியம்மா, அதான் வழுக்குது, நல்லாத் துடைச்சுக்கோங்க, காம்புப் பக்கம் உள்ளாக்க மடிங்க, பச்ச மட்டும் ஒடியும், தோல் ஒடியாது, அதப் பிடிச்சு மெதுவா இழுங்க, அவசரப்படாதீங்க, அம்மா கூப்பிடறாங்க, வெச்சுடறேன். வைத்துவிட்டாள். கையை முந்தானையில் துடைத்தேன், முகத்தையும் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கையைத் துடைத்தேன், ஒரு காயை எடுத்துப் பிரித்து, காம்புப் பக்கம் உள்ளே மடித்தேன், பச்சை மட்டும் டக்கென்று ஒடிந்தது, மெதுவாக இழுத்தேன், வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, நுனி வரைக்கும் முழுசாக வந்துவிட்டது, மெல்லிசாக, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அந்தப் பக்கத்து ஊதா மரம் முழுவதும் அதில் தெரிந்தது, அடுத்ததும் கிழியவில்லை, அதற்கடுத்ததும் கிழியவில்லை, எனக்கு வந்துவிட்டது, இனிமேல் இதற்கும் அவள் வரவேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும், இன்னும் ஒரே ஒரு காயை உரித்துவிட்டுச் செய்கிறேன்.