வலைப்படம்

"இன்னாம்மா இது, மீன் புடிக்கிற வலையா?" என்று ஒருநாள் ஐசக் தன் மகளைக் கேட்டார். மேசை கொள்ளாமல் விரிந்திருந்த காகிதம் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். "அண்ணன் ஆபீஸ் வேலைப்பா" என்று சிரித்தாள் ஜெபகனி.

இப்போது அந்த மேசையைக் கூடத்தின் நடுவே இழுத்து, அவர் உடலைத்தான் அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். காகிதத்தைச் சுருட்டிச் சமையற்கட்டு அலமாரி மேல் வைத்திருந்தாள் ஜெபகனி.

அண்ணன் ஜெயகரனுக்கு ராணிப்பேட்டையில் வேலை. காற்று ஊதும் பெரிய இரும்புக்கூடு எந்த இடத்தில் விரிசல் விடும் என்று மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதற்குமுன் கூட்டை முக்கோணங்களாகப் பிரித்து வரைவார்கள். ஒரு முனை பக்கத்து முனையோடு சேராவிட்டாலும் கணக்கு கெட்டுவிடும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப் படுத்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள எட்டாவதோடு நின்ற தங்கைக்குக் கூர்மையான கண்; வரைந்த படத்தைச் சரிபார்க்க அவளிடம் கொடுத்துவிட்டுப் போவான். "வெரல் வெச்சிப் பாரு. வெரல எடுத்தா எந்த எடம்னு தெரியாது, மறுபடியும் மொதல்லருந்து பாக்கணும்" என்று சொல்லியிருந்தான்.

இன்று காலை விரல் பாதி வரிசையில் இருந்தபோது உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். "ஜெபா."

"தோ வர்றேம்பா."

மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். வரிசையை முடித்துவிட்டுப் போனபோது தண்ணீர்த் தம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. அவர் கண்கள் கதவைப் பார்த்தபடி திறந்திருந்தன.

பக்கத்து வீட்டு மஹ்பூபி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "பொண்ணுன்னா இதாம்மா பொண்ணு. அப்பன வுட்டு நவுரல. என் வூட்லயும் ஒண்ணு இருக்குதே, தண்ணி கேட்டா ரேடியோவ ஜாஸ்தி பண்ணும்."

ஜெபகனி தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இன்னும் நாலு பேர் வந்து தலையைத் தடவினார்கள். ஒவ்வொரு கையும் சுட்டது.

ஜெயகரன் பஸ் பிடித்து வந்து, அழுது ஓய்ந்து, சமையற்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாஸ்டர் ஐயா கேக்கறாரு, ஜெபத்துல சொல்லணுமாம். நீதான கூட இருந்த. அப்பா கடேசியா இன்னா சொன்னாரு?"

'ஆண்டவரே' என்றார் என்று சொன்னால் போதும். எல்லோரும் நம்புவார்கள்.

"என்னியக் கூப்ட்டாரு."

"அப்பறம்?"

"நான் போவலண்ணா. பாதி வரிசையில இருந்தேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அலமாரி மேலிருந்த சுருளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அவன் கொண்டுவரும் பதிலுக்காகக் காத்திருந்தார். ஜெயகரன் எழுந்தான். செருப்புகூட மாட்டாமல், அவரைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.