தையல் பிரித்த தடம்

1997 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிரிக்ஃபீல்ட்ஸ் தையற்கடைக்காரி பவுனம்மாள், இரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த சந்திரகலாவின் முன் ஒரு வெள்ளித் தாயத்தை வைத்தாள். சந்திரகலா செர்டாங் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவள்.

"ரமணியோட தொப்புள்கொடி. பொறந்தப்ப காயவச்சு அடைச்சு, இடுப்புல கட்டினது. ஆட்டு மடியிலேர்ந்து அதே மாதிரி ஆட்ட உண்டாக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கான். என் பிள்ளைய எனக்கு உண்டாக்கிக் குடும்மா."

டெங்கிக் காய்ச்சல் ரமணியைக் கொண்டுபோய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவளுக்கு வயது ஒன்பது.

"அக்கா, நான் மாட்டோட கருமுட்டைய மைக்ராஸ்கோப்புல பாக்கிறவ லா."

"இரவிக்கை தைக்கிறவளுக்குப் பாவாடை தைக்கத் தெரியாதாக்கும்?"

சந்திரகலா சிரிக்கவில்லை. "இது காஞ்சு செத்துப்போச்சுக்கா. சாகாத உயிரணு வேணும்."

பவுனம்மாள் தாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "இதுல இருக்கிற அணு உயிரோட இருந்திருந்தா?" என்றாள்.

சந்திரகலா தையல் இயந்திரத்திலிருந்து நூல் சுற்றிய பாபினை எடுத்தாள். "ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் முழு ஆளுக்கு வேண்டிய நூல் இருக்கு. இப்படித்தான் சுத்தியிருக்கும். தோலணு தனக்கு வேண்டிய இடத்தத் தளர்த்தி வச்சுக்கிட்டு, மிச்சத்த இறுக்கிடும். அத உட்கரு எடுத்த முட்டைக்குள்ள வச்சா, முட்டை அந்தச் சுத்தைத் தளர்த்தும். தோலா இருந்தத மறந்தாத்தான் அது மறுபடி கருவாகும்."

"மறக்குமா?"

"முழுசா மறக்காது. தையலப் பிரிச்சா துணியில ஊசித் தடம் நிக்குதில்ல, அந்த மாதிரி. அதனாலதான் பெரும்பாலும் கரு கலையுதுன்னு நினைக்கிறாங்க. அந்த ஆட்டுக்கே இருநூத்தி எழுபத்தேழு முட்டையில ஒரு குட்டிதான் பொழைச்சுது."

"அந்த ஒன்னு என் பிள்ளையா இருந்தா?"

"முகம் இருக்கும். உங்க மடியில வளந்த நெனப்பு அந்த நூல்லயே இல்லக்கா. அவளுக்குப் பின்னால பொறந்த இரட்டைத் தங்கச்சிதான் வருவா."

பவுனம்மாள் எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ரமணியின் பள்ளிச் சீருடையான நீலப் பினாஃபோரை எடுத்து மடியில் விரித்தாள். ரமணி வளர வளர ஆண்டுதோறும் மடிப்பைப் பிரித்து இறக்கியவள் அவள்தான். பழைய மடிப்புகள் இருந்த இடத்தில் இரண்டு வரிசையாக ஊசித் துளைகள் தெரிந்தன. அவற்றின்மேல் விரலை ஓட்டினாள்.

"இந்தத் தடமெல்லாம் போனாத்தான் பொறக்கணும்னா, பொறக்கிறவ வேற யாரோ," என்றாள். "அந்தப் பிள்ளைய ரமணின்னு கூப்பிட்டா பாவம், அது எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?"

தாயத்தைப் பினாஃபோரின் பையில் இட்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"கைய நீட்டும்மா," என்றாள்.